சந்தேகங்களுக்கு விளக்கம்: வால்யூம் நூறு, சத்தம் சைபர்

சரி, அடுத்த கேள்வி. இத படிச்சதுமே சிரிப்பு வந்துருச்சு, இந்த மாதிரி ஒண்ணு வராதான்னு ரொம்ப நாளா பாத்துட்டு இருந்தேன். "அண்ணா, லேப்டாப்ல லினக்ஸ், உபுண்டு 24.04 போட்டேன், வீடியோ ஓடுது, வால்யூம் நூறுல இருக்கு, சத்தமே வரல, ரீஇன்ஸ்டால் பண்ணிடவா?" வேணாம் தம்பி, கைய எடுங்க!

வழக்கமா பாக்குறவங்களுக்கு தெரியும், நான் சொல்றது ஒண்ணுதான், சத்தம் ஏன் வரலன்னு கேக்காதீங்க, எங்க போகுதுன்னு கேளுங்க. மோட்டார் ஓடுது, மாடி டேங்க்ல தண்ணி ஏறல, வால்வ் தோட்டத்துப் பக்கம் திறந்து கெடக்கு, நீங்க மோட்டார கழட்டுவீங்களா? செட்டிங்ஸ்ல சவுண்டு போய் அவுட்புட் எதுல நிக்குதுன்னு பாருங்க. அனேகமா எச்டிஎம்ஐ-ல, அதான் மானிட்டர் கேபிள்ல நிக்கும், சில மானிட்டர்ல ஸ்பீக்கரே இருக்காது, ஆனாலும் லிஸ்ட்ல வந்து உக்காந்துக்கும். நம்ம ஃபிரெண்டு ஒருத்தர் லேப்டாப்ப திட்டிக்கிட்டே இருக்காரு, கிச்சன்லேந்து அவங்க அம்மா "டேய் அத நிறுத்துடா"ங்குறாங்க, மொத்த சத்தமும் அங்க இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு போயிட்டு இருக்கு. எங்க போகுது? அவ்ளோதான் கேள்வி.

அவுட்புட் சரியாத்தான் இருக்குன்னா டெர்மினல்ல, அதான் கட்டளை டைப் பண்ற ஜன்னல்ல, ஆல்சாமிக்சர் (alsamixer)னு அடிங்க, சத்தத்த கூட்டிக் கொறைக்கிற மிக்சர் வரும், எஃப்6 அழுத்தி நிஜ சவுண்டு கார்ட எடுங்க, ஸ்பீக்கருக்கு கீழ எம்எம்னு இருந்தா மியூட், எம் அழுத்துனா போயிரும். ஆட்டோ மியூட்னு ஒண்ணு இருக்கும், ஹெட்ஃபோன் ஜாக் லூசா இருந்தா ஏதோ மாட்டியிருக்குன்னு நெனச்சு ஸ்பீக்கர அடக்கிரும், அதயும் ஆஃப் பண்ணிப் பாருங்க. லிஸ்ட்ல டம்மி அவுட்புட் மட்டும் காட்டுனா அது வேற கதை, கார்டே சிக்கல, புது இன்டெல் லேப்டாப்னா சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர்னு சவுண்டு சிப்புக்கான மென்பொருள், அது இருக்கான்னு பாக்கணும்.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டியது, நெட்ல இருக்குற வைத்தியம் எல்லாம் ஏன் வேலை செய்யலன்னு. ஏன்னா அதுல பாதி பல்ஸ்ஆடியோ காலத்துது, ஆப்கிட்ட சத்தத்த வாங்கி கார்டுக்கு அனுப்புன பழைய சர்வீஸ் அது. கீழ கர்னல்ல, அதான் லினக்ஸோட அடித்தளத்துல, கார்ட ஓட்டுற ஆல்சா அன்னிக்கும் இன்னிக்கும் அதேதான், மேல இருக்குறது மாறிடுச்சு, ஃபெடோராங்குற இன்னொரு லினக்ஸ் 2021லயே பைப்வயர்ங்குற புது சர்வீஸுக்கு போயாச்சு, உபுண்டு 22.10 வெர்ஷன்ல. பழைய ஆப் பல்ஸ்ஆடியோன்னு நெனச்சு கூப்பிடும், பைப்வயரே அந்தக் குரல்ல பதில் சொல்லும், அதனால மாறுனதே வெளிய தெரியாது. நீங்க 2012ல யாரோ எழுதுனத பாத்து பல்ஸ்ஆடியோவ கொல்லுன்னு கட்டளை போட்டா, அங்க கொல்ல ஆளே இல்ல! ரீஸ்டார்ட் பண்ண வேண்டியது பைப்வயர், அந்தப் பழைய குரல்ல பேசுற பைப்வயர் பல்ஸ், எது எங்க போகணும்னு பாத்துக்குற வயர்ப்ளம்பர், இந்த மூணு, கட்டளை ஸ்கிரீன்ல ஓடுது. முன்னாடி சூடோ போடாதீங்க, அது அட்மின் அதிகாரத்துக்கு, இது உங்க யூசர் பேர்ல ஓடுற சர்வீஸ்.

அப்பவும் வரலன்னா டெர்மினல்ல ஏப்ளே ஹைஃபன் எல் (aplay -l) அடிச்சு, வந்த கார்டு லிஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி கமெண்ட்ல போடுங்க, மொபைல்ல போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, என்னால படிக்க முடியல.