தண்டவாளம் யார் பொறுப்பு?

நண்பர்களே, வணக்கம்.

ரயில்வேயைத் தனியாரிடம் கொடுத்துவிட்டு, மேலே ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தை உட்கார வைத்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் ஹாட்ஃபீல்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நடந்ததை அவர்கள் கேட்க வேண்டும்.

2000 அக்டோபர் 17. லண்டனிலிருந்து லீட்ஸுக்குப் புறப்பட்ட விரைவு ரயில், மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் தண்டவாளம் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கியது. நான்கு உயிர்கள் போயின. அங்கே விரிசல் விட்டிருந்தது பல மாதங்களாகவே தெரியும். மாற்றுத் தண்டவாளமும் வந்து பாதையோரத்தில் கிடந்தது. ஆனால் போடவில்லை!

ஏன் போடவில்லை? 1993-ஆம் ஆண்டுத் தனியார்மயச் சட்டம், அரசுடைமையாக இருந்த பிரிட்டிஷ் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களாகக் கூறு போட்டது. பாதையும் சிக்னலும் ரயில்டிராக் என்ற நிறுவனத்திடம். பயணிகள் வண்டி ஓட்டுவது 25 உரிமதாரர்களிடம். பெட்டிகள் மூன்று வாடகை நிறுவனங்களிடம். ரயில்டிராக்காவது பாதையைத் தானே பார்த்துக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. பராமரிப்பு ஒரு ஒப்பந்ததாரருக்கு, புதுப்பிப்பு வேறொருவருக்கு. விரிசலைப் பார்த்தவர் ஒருவர், மாற்ற வேண்டியவர் இன்னொருவர், அதற்காக வண்டியை நிறுத்தினால் இழப்பீடு கேட்பவர் மூன்றாமவர்.

அப்போதும் ஒழுங்குமுறை அதிகாரி இருந்தார். ஆனால் எந்த இடத்தில் பாதை என்ன நிலையில் இருக்கிறது என்ற முழுமையான பதிவேடு ரயில்டிராக்கிடமே இல்லை. உடைமையாளருக்கே தெரியாததை மேற்பார்வையாளர் எப்படி மேற்பார்ப்பார்? விபத்துக்குப் பிறகு நாடெங்கும் 1,000-க்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள். எங்கே ஆபத்து என்று திட்டமாகத் தெரியாததால் வந்த கட்டுப்பாடு அது.

மறுஆண்டு ரயில்டிராக் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2002-இல் அதன் இடத்துக்கு, பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்காத நெட்வொர்க் ரயில் என்ற நிறுவனம் வந்தது. ரயில் துறைக்குத் திட்டம் வகுக்க இடையில் அரசு உருவாக்கிய உத்திசார் ரயில் ஆணையத்தை 2006-க்குள் அரசே கலைத்துவிட்டது. பெயர்ப்பலகைகள் மாறின, அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. என் கணிப்பில், உண்மையான சீர்திருத்தம் 2003-இல் எடுத்த ஒரு முடிவுதான். பாதைப் பராமரிப்பை ஒப்பந்ததாரர்களிடமிருந்து எடுத்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் தன் சொந்த ஊழியர்களாகவே நெட்வொர்க் ரயில் சேர்த்துக்கொண்டது. பாதையில் நடந்து பார்க்கிறவரும் அதற்குப் பொறுப்பேற்கிறவரும் மறுபடி ஒரே நிர்வாகத்துக்குள் வந்தார்கள்.

வண்டி ஓட்டும் உரிமங்களுக்கு இந்தப் புத்தி வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. லண்டனையும் ஸ்காட்லாந்தையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைப் பாதையில் வண்டி ஓட்டும் உரிமத்தை எடுத்த மூன்று நிறுவனங்கள், அரசுக்குக் கட்டுவதாகச் சொன்ன தொகையைக் கட்ட முடியாமல் அடுத்தடுத்துக் கைவிட்டன. 2024 நவம்பரில்தான் பொது உடைமைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 2025 மே மாதம், லண்டனிலிருந்து தென்மேற்கு இங்கிலாந்துக்கு வண்டி ஓட்டும் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலில் அரசிடம் வந்தது.

ஆனால் நண்பர்களே, பெட்டிகளில் பெரும்பாலானவை இன்றும் வாடகைக்குத்தான் ஓடுகின்றன. அந்தச் சட்டம் வாடகை நிறுவனங்களைத் தொடவே இல்லை. அடுத்த கேள்வியை அங்கேதான் கேட்க வேண்டும்.