குரலா, எழுத்தா? எழுத்தே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க நாட்டுப்புற வேர்கொண்ட கன்ட்ரி இசையில் பாடகி டாலி பார்ட்டனை உயர்த்தியது குரலா, எழுத்தா என்பது தலைப்பு. கேட்ட நொடியிலேயே அது டாலி என்று தெரிந்துவிடும், ஆகவே குரல்தான் என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குரல் எனக்கும் உயிர். ஆனால் அதே குரலைக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் முதலில் என்ன செய்தது?

1964-இல் பள்ளி முடித்த மறுநாளே டென்னசி மலைப்பகுதியிலிருந்து நாஷ்வில்லுக்குக் கிளம்பிய பெண் அவர். மான்யூமென்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஆனால் இந்தக் கீச்சுக்குரல் கன்ட்ரிக்கு ஒத்துவராது என்று பாப் பாட வைத்தது. எடுபடவில்லை. தாய்மாமா பில் ஓவன்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய ஒரு பாட்டை 1966-இல் பாடகர் பில் பிலிப்ஸ் பாடினார். கன்ட்ரி ஹிட் பாடல் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அதற்கப்புறம்தான் கம்பெனி டாலியைக் கன்ட்ரி பாடவிட்டது. கதவைத் திறந்தது எது நடுவர் அவர்களே?

டாலி வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. அம்மா துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கோட்டைப் பள்ளிக்குப் போட்டுப்போனார். பிள்ளைகள் கேலி செய்தார்கள். பின்னாளில் கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கோட்டைப் பற்றி வரிகள் வந்தபோது கையில் தாள் இல்லை. கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனரின் உடைகளை வெளுத்துக் கொடுத்த கடை ரசீதின் மேலேயே எழுதினார். அதுதான் 1971-இல் வந்த 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' பாட்டு.

போர்ட்டரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிதானே அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது என்பீர்கள். உண்மை, 1967-லிருந்து. ஆனால் தனியாகப் போகிறேன் என்று டாலி எத்தனை சொல்லியும் போர்ட்டர் காதில் ஏறவில்லை. ஒரு பாட்டு எழுதிப்போய் அவர் முன்னால் பாடினார். போர்ட்டர் அழுதுவிட்டார், விடையும் கொடுத்தார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பிறந்த கதை அது.

1974-இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ராக் இசை மன்னர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கரோ, பதிப்புரிமையில் பாதியை எழுதிக்கொடு என்றார். எல்விஸ் அய்யா, எல்விஸ்! யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 28 வயதுப் பெண் முடியாது என்றார். அன்று இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அழுதார், ஆனால் உரிமையைக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

1992-இல் பாடகி விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். அது விட்னி குரலின் வெற்றி என்று அடுத்து வருபவர் சொல்லலாம். சொல்லட்டும், விட்னியின் குரலேதான். டாலியின் குரல் அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் உரிமைத்தொகை டாலி வீட்டுக்குத்தான் வந்தது. அதில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடமே வாங்கினார். தன் குரலே இல்லாத பதிவுக்கு அந்தப் பணம் எப்படி வந்தது? குரல்தான் எல்லாம் என்ற எதிரணி முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.