தட்டில் தானியம், செடியில் புழு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிணற்றடியிலும் துணிக்கொடியிலும் தினமும் வந்து உட்காரும் பறவைகளை, "ஏதோ ஒரு குருவி" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவற்றின் பெயர் அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. நடையைக் கவனித்தாலே போதும். தரையில் கால் மாற்றிக் கால் வைத்து நடப்பது மைனா. அது பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். ஏழெட்டாகக் கூடிக் கத்திக்கொண்டு, சருகுகளைப் புரட்டியபடி தத்தித் தத்திச் செல்பவை தவிட்டுக்குருவிகள்.

இனி, நான் பலரிடமும் வலியுறுத்தி வரும் செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மின்மீட்டர்ப் பெட்டியின் மேல் ஒரு சிட்டுக்குருவி இணை கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் பொரித்ததும், தாய்க்கு அலைச்சல் வேண்டாமே என்று கூட்டுக்கு நேர் கீழே ஒரு தட்டு நிறையக் கம்பும் நொய்யும் வைத்தேன். தாயோ தட்டுக்கு வந்து தன் பசிக்கு நாலு மணி கொத்திவிட்டு, நேரே கத்தரிச் செடிக்குப் பறந்து, இலையின் அடியில் தொங்கியபடி ஒரு பச்சைப் புழுவை இழுத்தெடுத்து, அதை இரண்டு முறை கிளையில் அடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோயிற்று. தகப்பன் பறவையும் அப்படியே செய்தது. அன்று மாலை அதே கத்தரிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதற்காகத் தெளிப்பானைக் கழுவி வைத்திருந்தேன். அதைத் திரும்பவும் பரணில் ஏற்றிவிட்டேன். நேயர்களே, மறுபடியும் சொல்கிறேன்: சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் அதன் குஞ்சுகள் வளர்வது பெரும்பாலும் புழுபூச்சிகளால்தான். தட்டில் தானியத்தைக் கொட்டிவிட்டுச் செடியில் மருந்தையும் அடித்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகிவிடும்.

தானியத்தைவிடத் தண்ணீர் அவசியமானது என்பது என் துணிபு. சித்திரை வெயிலில் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். ஆழம் கூடினால் சிறு பறவைகள் இறங்க அஞ்சும். நண்பகலில் தவிட்டுக்குருவிகள் ஒவ்வொன்றாக இறங்கிக் குளித்து, பிறகு ஒரே கிளையில் நெருக்கியமர்ந்து ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிவிடும் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள், மறுநாள் தாமாகவே சட்டியை நிரப்புவார்கள். கொசு முட்டையிடாதிருக்கத் தினமும் சட்டியைக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள்.

கொண்டைக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் உரியதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. முன்னதற்கு மரத்திலேயே இரண்டு கொய்யாவையோ பப்பாளியையோ விட்டுவையுங்கள். பின்னதற்கு ஒரு செம்பருத்திச் செடி போதும். உப்பிட்ட பலகாரங்களை எந்தப் பறவைக்கும் போடாதீர்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.