ஆயாவின் கைப்பையில் பாக்கு

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். மெடிக்கல் எய்ட், அதாவது நாம் சந்தா கட்டிச் சேருகிற மருத்துவச் செலவுக்கான ஸ்கீம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி கல்யாணத்துக்கு முந்தின வாரம் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். "வாயைத் திறங்க ஆயா" என்றேன். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டுதான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் நார் நாராகத் தட்டுப்பட்டது. கைப்பையைத் திறந்து காட்டினார்: வெற்றிலை, பாக்கு, குட்டிச் சுண்ணாம்பு டப்பா. "புகையிலையைத் தொட்டதே இல்லை டாக்டர், வெறும் பாக்குதான்" என்றார் பெருமையாக.

நம் வீடுகளில் எத்தனை பேர் இதையே சொல்கிறார்கள்! வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் அதை உறுதியாகவே சொல்லியிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், வெறும் பாக்கும்தான்.

இருபத்தைந்து நிமிடம் ஆயாவோடு உட்கார்ந்தேன். பூஜைத் தட்டில் பாக்கு இருக்கட்டும், வாயில் சோம்பு போதும் என்று பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதித்தார். ஆலோசனைக்கான குறியீட்டையும் போட்டுத்தான் ஆயாவின் மெடிக்கல் எய்டுக்குப் பில் அனுப்பினோம். சாதாரண கன்சல்டேஷனுக்கு உள்ள காசுதான் வந்தது. அதுவும் ஆயாவின் சேவிங்ஸிலிருந்து! சேவிங்ஸ் என்பது அவர் கட்டின சந்தாவிலிருந்து ஒதுக்கின அவர் பணமேதான். வருடம் பாதி போவதற்குள் பலருக்கு அது தீர்ந்துவிடுகிறது. அப்புறம் கைக்காசு.

சரி, அதே ஆயாவுக்கு வாய்ப்புற்று வந்திருந்தால்? 1998-ஆம் வருட மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ், குணமாக்கக்கூடிய புற்றுக்குச் சிகிச்சை கட்டாயப் பலன். தாடையை வெட்டப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். பாக்கை விடவைக்க உட்கார்ந்து பேசினதற்குக் கிடையாது. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கான பாப் ஸ்மியர் சோதனைக்கு, மார்பகப் புற்றுக்கான மேமோகிராமுக்குப் பல ஸ்கீம்கள் தனியாகவே பணம் தருகின்றன, நல்லது. பயந்து நிற்கிற பெண்ணுக்கு அது எதற்கென்று விளக்குகிற நேரம் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

உங்கள் ஸ்கீமை நிர்வகிக்கிற அறங்காவலர்களில் பாதிப் பேரையாவது உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சட்டமே அப்படி. வருடாந்தரக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள். டாக்டரின் ஆலோசனை நேரத்துக்கு ஏன் தனிப் பலன் இல்லை என்று எழுந்து கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கர்ப்பப்பைவாய்ப் புற்றைத் தடுக்கிற ஊசி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2014-இல் அரசுப் பள்ளிகளில் நாலாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள், இப்போது ஐந்தாம் வகுப்பில் போடுகிறார்கள். ஒப்புதல் தாள் வந்தால் ஸ்கூல் பையிலேயே கிடக்க விடாதீர்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். வணக்கம்.