வாயுள்ள பிள்ளை பிழைக்கும்: பன்னாட்டு உறவுகள் பட்டமும் வேலைவாய்ப்பும்

மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் முன்னாள் தூதர் பெருமக்களே, என்னை அன்போடு அழைத்த துறைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, பட்டம் பெறவிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவர்க்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் இறுதிவரை அமர்ந்திருப்பதாக வாக்களித்திருப்பது எனக்குப் பெருமை. அவரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கும் எண்ணத்தோடுதான் நான் வந்திருக்கிறேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

மூன்று செய்திகளைப் பேச எண்ணியுள்ளேன். வேலை எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அதைப் பெற்றுத் தருவது எது என்பது இரண்டு. ஊதியமும் பணிப்பாதுகாப்பும் எவ்வாறு இருக்கும் என்பது மூன்று. மூன்றுக்கும் பொதுவாக என் பாட்டி காலத்துப் பழமொழி ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

பன்னாட்டு உறவுகள் படித்தால் தூதராகிவிடலாம் என்று வீட்டார் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆனால் பல நாடுகளில் வெளியுறவுப் பணித் தேர்வு எந்தப் பட்டதாரிக்கும் திறந்தே இருக்கிறது, ஆகவே பொறியாளரும் மருத்துவரும் உங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்து அதே வினாத்தாளுக்கு விடை எழுதுவார்கள். 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகரில் இத்துறைக்கென முதல் பேராசிரியர் இருக்கை அமைந்தபோதும், முதல் உலகப் போரைப் போன்ற பேரழிவு ஏன் நேர்கிறது என்று ஆராய்வதே அதன் நோக்கமாக இருந்தது. அலுவலகங்களுக்கு ஆள் தயாரிப்பது அன்று.

ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலகத்திற்கு இளம் வல்லுநர் திட்டம் என்றொரு வாசல் உண்டு. 32 வயதைத் தாண்டாதவர்கள், அந்த ஆண்டில் பங்கேற்கும் நாடுகளின் குடிமக்களாக இருந்தால், தேர்வு எழுதலாம். உங்கள் நாடு பட்டியலில் இல்லாத ஆண்டில் அந்த வாசல் மூடியிருக்கும். இதைத் தவிர அகதிகளுக்கான உயர் ஆணையம், உலக உணவுத் திட்டம், 1863-இல் ஜெனீவாவில் தோன்றிய செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு ஆகியவை களப்பணியாளர்களைத் தேடுகின்றன. மாணவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத இடங்கள் வங்கிகளும் கப்பல், காப்பீட்டு நிறுவனங்களும்தாம். 2022-இல் உக்ரைன் போர் விரிவடைந்து ரஷ்யா மீது தடைகள் குவிந்த பிறகு, யாரோடு வணிகம் செய்யலாம், ஒரு சரக்கின் உண்மையான உரிமையாளர் யார், எந்தத் துறைமுகத்தில் சிக்கல் வரும் என்று படித்துச் சொல்பவர்களின் தேவை அந்நிறுவனங்களில் கூடியிருக்கிறது.

இனி இரண்டாவது செய்தி. என் முதல் நேர்காணலில் பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளையெல்லாம் ஒப்பித்து முடித்தேன். மேசைக்கு அப்பாலிருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எந்த நாட்டு நாளிதழை அந்த நாட்டு மொழியிலேயே படிப்பீர்கள்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்; அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

மொழிக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதை ஒரு கதையாகவே சொல்லிவிடுகிறேன். 1889 மே மாதத்தில் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக்கும் இத்தாலியும் உச்சியாலி உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அது அம்ஹாரிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் எழுதப்பட்டது. அதன் 17-ஆவது விதி, பிற நாடுகளோடு பேச மெனலிக் இத்தாலியின் உதவியை நாடலாம் என்று அம்ஹாரியத்தில் இருந்தது. இத்தாலியத்திலோ அவர் இத்தாலி வழியாகவே பேசியாக வேண்டும் என்று பொருள்பட்டது. நம் மொழியில் சொன்னால், 'நாடலாம்' என்பதற்கும் 'நாட வேண்டும்' என்பதற்கும் உள்ள தொலைவுதான். அந்த ஒற்றை வினையைப் பிடித்துக்கொண்டு, எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி ஐரோப்பிய வல்லரசுகளுக்கு அறிவித்தது. மெனலிக் அந்நாட்டு அரசுகளுக்கு நேரடியாக மடல் எழுதியபோது, இத்தாலி வழியாக வருக என்ற பொருளில் மறுமொழி வந்தது. தம் நாட்டின் இறையாண்மை ஒரு வினைச்சொல்லில் ஒழுகிப் போயிருப்பதை அவர் அப்போதுதான் கண்டார். 1893-இல் உடன்படிக்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வா மலைப்பகுதியில் இத்தாலியப் படை பெருந்தோல்வி கண்டது. அதே ஆண்டு அடிஸ் அபாபாவில் கையெழுத்தான ஒப்பந்தம் பழைய உடன்படிக்கையை நீக்கி, எத்தியோப்பியாவின் விடுதலையை ஏற்றது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்தப் போருக்கு இத்தாலியின் குடியேற்ற வேட்கையே வேர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள், அது சரியே. ஆயினும் இரண்டு மொழிகளையும் அறிந்த, தம் அரசருக்கு உண்மையாயிருந்த ஒருவர் இரு படிகளையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால் கையெழுத்துக்கு முன்பே இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்கும்.

அப்படிப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இன்றும் கிராக்கி. ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள் உண்டு. அவற்றுள் அரபு 1973-இல் சேர்ந்தது. அந்த ஆறில் ஒன்றையோ, நீங்கள் ஆராயும் வட்டாரத்தின் மொழியையோ, செய்தித்தாளும் சட்ட வாசகமும் அகராதியின்றிப் படிக்கும் அளவுக்குக் கற்றவர், முதல் சுற்றிலேயே மற்ற விண்ணப்பங்களிலிருந்து தனித்துத் தெரிவார். வாயுள்ள பிள்ளை என்றபோது நம் முன்னோர் ஒரு வாயைத்தான் எண்ணியிருப்பார்கள். இத்துறைக்கு இரண்டு வாய் வேண்டும்.

ஆகவே துணைவேந்தர் அவர்களே, விண்ணப்பம் இதுதான். இப்பாடத்திட்டத்தில் விருப்பப்பாடமாக ஓரத்தில் கிடக்கும் அயல்மொழியை நான்கு பருவங்களுக்குக் கட்டாயமாக்குங்கள். கோட்பாட்டுத் தாள்களில் ஒன்றைக் குறைத்தாலும் குடி முழுகாது. துறைத்தலைவர் என்னைப் பார்த்து முகம் சுளிப்பது தெரிகிறது. அவரும் நான்கு மொழி அறிந்தவர், மனத்துக்குள் என் பக்கம்தான்.

ஊதியத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். நேரம் முடிந்தது என்று தலைவரிடமிருந்து இரண்டாவது சீட்டு வந்துவிட்டது. ஆகையால் அதைக் கேள்வி நேரத்தில் கேளுங்கள். வெளியேறும்போது வாசல் மேசையில் மாலை நேர மொழி வகுப்புக்கான பெயர்ப் பட்டியல் இருக்கும். கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். நன்றி, வணக்கம்.