கிணற்றுக் கட்டில் கலக்கும் மருந்து

வணக்கம் உறவுகளே. நான் இப்பொழுது யாழ்ப்பாணத்து உரும்பிராயில், எங்கள் மரக்கறித் தோட்டத்துக் கிணற்றடியில் நிற்கிறேன். முதலில் இந்தச் செம்பாட்டு மண்ணைக் கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். வெங்காயமும் மிளகாயும் கோவாவும் பீற்றூட்டும் தருகின்ற இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கித்தான் தங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு ஒன்றுகூட இல்லாத எங்கள் குடாநாட்டில், தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டில் குடிப்பதும் அந்த ஒரே நீரைத்தான். பாத்திக்குப் பாய்ச்சிய நீரிலும் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

பயிருக்கு அடிக்கின்ற மருந்துகள் எல்லாம் மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிகொல்லி நீரில் மிகச் சிறிதளவே கரையும். பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு கிடக்கும். கார்போபியூரான் என்ற இன்னொரு பூச்சிகொல்லியோ ஒரு லீற்றர் நீரில் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது. ஆகையால் நீர் போகும் வழியே அதுவும் போய்விடும். மேல்மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைக்கின்றன. மக்கிய குப்பையும் எருவும் நிறைந்த மண் இவற்றைப் பிடித்து வைக்கிறது. எரு குறைந்த செம்பாட்டில் அந்தப் பிடிப்புக் குறைவு, அதையும் தாண்டிக் கல்வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் சிதைவும் மந்தமாகிவிடுகிறது. எருப் போடுவதை விளைச்சலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள் என நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆனால், பாத்தியில் விழுகின்ற மருந்தைவிட இந்தக் கிணற்றுக் கட்டில் சிந்துகின்ற மருந்தே எனக்கு அதிகம் கவலை தருகிறது. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மருந்தை இங்கேயே கலக்குகிறோம், தெளிகருவியையும் போத்தலையும் இங்கேயே கழுவுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பூச்சிகொல்லிக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.1 மைக்குரோகிராம் (ஒரு மைக்குரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்தக் கணக்கில், வெறும் 1 கிராம் நஞ்சு 1 கோடி லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். கழுவி ஊற்றுகின்ற ஒரு போத்தலின் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நீர் தெளிவாக இருப்பதாலோ மணம் இல்லாததாலோ அதில் நஞ்சில்லை என்று சொல்லிவிட முடியாது. யூரியா உரத்திலிருந்து வருகின்ற நைத்திரேற்று என்னும் உப்போ கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எங்கள் தோட்டத்தில் இப்பொழுது மருந்து கலக்குவது அந்தத் தொங்கலில், வாழைகளுக்கும் அப்பால். வெறும் போத்தலை 3 தடவை அலசி, அந்த நீரையும் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி அதே பயிருக்கு அடித்து முடிக்கிறோம். வாளியில் தண்ணீர் சுமந்து அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று அப்பா முதலில் மறுத்தார். இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறோம் என்று அம்மா சொன்ன பிறகு, வாளியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.