பேர் போனவர்கள்

(தருமபுரியில் ஒரு நூலக மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர்கள் கூடிய இடத்தில் பேசியது. பேச்சின் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. ஓடட்டும், நான் குரலை உயர்த்திக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிறுகதையில் உவமையும் உருவகமும்'. ஒரு செமஸ்டர் பாடம் அது. நான் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன், அதுவும் நான் எழுதிய கதை. தற்பெருமைக்காக இல்லை. அடுத்தவர் கதையில் அச்சான வரிகள்தான் நமக்குக் கிடைக்கும், அடித்த வரிகள் கிடைக்காது. உவமையைப் பற்றிப் பேச எனக்கு அடித்த வரிகள் வேண்டும்.

கதை இதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். பழைய ஓட்டு வீடு, இடிக்கப் போகிறார்கள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பேரன் லீவில் வருகிறான். சுவரில் மாட்டியிருக்கும் படங்களை எல்லாம் இறக்கி, சட்டத்தைக் கழற்றி, போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் திட்டம். யார் யார் என்று ஆயாவிடம் கேட்டுப் பெயரும் எழுதிக்கொள்ளலாம் அல்லவா? ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மறதி வந்துவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆறு பக்கம்.

முதல் முறை எழுதியபோது முதல் பத்தியிலேயே ஒரு வரி போட்டிருந்தேன்: 'ஆயாவின் நினைவுகள் பழைய புகைப்படம் போல மங்கிக்கொண்டிருந்தன.' எழுதியதும் ஒரு திருப்தி. டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தால் எங்கேயோ இடிக்கிறது. என்ன என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அது எங்கே இடித்தது என்று எனக்குக் காட்டியவர் என் மாமா. பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். இலக்கியத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. கதையைப் படித்துவிட்டு, "போட்டோ அப்படி மங்காதே மாப்ள" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார்.

கறுப்பு வெள்ளைப் படத்தை டார்க் ரூமில் கழுவும்போது கடைசியில் ஹைப்போ என்ற கரைசலில் போடுவார்கள். ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். அதற்கப்புறம் அந்த ஹைப்போவையே நல்ல தண்ணீரில் வெகுநேரம் அலசி வெளியேற்ற வேண்டும். சரியாக அலசாமல் விட்டால் தாளில் தங்கிய ஹைப்போ பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும், படம் மஞ்சளாகும். மாமா சொன்னார்: "ஒரு வெயில்காலத்துல கெணறு வத்திப்போச்சு. குடத்துத் தண்ணியிலதான் அலசினோம். அந்த வருஷத்துக் கல்யாணம் பூரா இப்ப மஞ்சளாத்தான் இருக்கும், போய்ப் பாரு."

கலர் படத்தின் கதை வேறு. அதில் மூன்று சாயங்கள். எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த பல படங்களில் பச்சைநீலச் சாயம் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு போய்விடும், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் கூட. மிஞ்சுவது சிவப்பு. உங்கள் வீட்டு ஆல்பத்தில் எல்லோரும் செம்மண்ணில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கிறார்களே, அதற்கு அதுதான் காரணம்.

ஆக, படம் மங்குவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்காமல் வைத்திருந்தாலும் அது தன்பாட்டுக்கு மங்கும். நினைவு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டும்போது கொஞ்சம் மாற்றியும் விடுகிறது. என் சொந்த ஆயா தன் கல்யாணத்துக்கு எத்தனை மாட்டுவண்டி வந்தது என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு வண்டி கூடும். எந்தப் புகைப்படத்திலும் வண்டி கூடாது.

தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயல், விளைவு, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வரியில் இருந்தது வெறும் நிறம். மங்கல் என்ற ஒரு சாயத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டியிருந்தேன். வினை ஒட்டவில்லை. மாமாவுக்கு வினை தெரியும், அதனால்தான் அவருக்கு இடித்தது.

அந்த வரியை அடித்தேன். அதன் இடத்தில் முறம் வந்தது. ராகி புடைக்கும்போது கனமில்லாதது முதலில் பறக்கும். மறதி நோயிலும் பெரும்பாலும் புதிதாக வந்த, இன்னும் கனம் சேராத நினைவுதான் முதலில் போகும். காலையில் சாப்பிட்டது போய்விடும், சின்ன வயதில் ஏறிய புளியமரம் முறத்திலேயே கிடக்கும். இது வினை உவமை. அதைவிட முக்கியம், ஆயா தன் கையால் ஆயிரம் முறை செய்த வேலை அது. டார்க் ரூம் அவள் பார்க்காத இடம். கதையில் யார் மறக்கிறார்களோ, அவர்கள் வீட்டிலிருந்துதான் உவமையை எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, கதைக்குள் போவோம். பேரன் முதலில் தாத்தா படத்தை இறக்குகிறான். கல்யாணத்துக்கு மறுநாள் ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் நிலா, அரண்மனைப் படிக்கட்டு. தாத்தா நிற்கிறார், ஆயா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியபடி. படத்தைக் கையில் வாங்கிய ஆயா நிலாவைக் காட்டுகிறாள், படிக்கட்டைக் காட்டுகிறாள். "இந்த நாற்காலியில மூட்டப்பூச்சி கடிச்சுது" என்கிறாள். அப்புறம் கேட்கிறாள்: "ஆமா, இந்த ஆளு யாரு, பொட்டு கூட இல்லாம நிக்கறாரு?"

இது எப்படி நடந்தது தெரியுமா? தாத்தா இறந்த நாளிலிருந்து ஆயா அந்தப் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து வந்திருக்கிறாள். குங்குமம் வைத்தது கண்ணாடியின் மேல். பேரன் போனில் பளபளப்பு விழக்கூடாது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டான். பொட்டு கண்ணாடியோடு போய்விட்டது. முப்பது வருஷமாக அவள் பார்த்து வந்த முகம் தாளிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை, இரண்டும் சேர்ந்த இடத்தில் இருந்திருக்கிறது. முதல் வரைவில் இதற்குக் கீழே மூன்று வரி விளக்கம் எழுதியிருந்தேன். அதையும் அடித்தேன். பொட்டே போதும்.

இரண்டாவது, கலர் படம். திருவிழாவில் எடுத்தது, முழுக்கச் சிவந்துவிட்டது. "அன்னிக்கு ஒரே புழுதி" என்கிறாள் ஆயா. போன சாயத்துக்கு அவளுக்குத் தெரிந்த காரணம் சொல்கிறாள். மாமாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

இங்கே இலக்கணக்காரர்களுக்கு ஒரு செய்தி. ஒரு தாளைக் காட்டி நாம் "இது எங்க தாத்தா" என்கிறோம். தாள் எப்படித் தாத்தா ஆகும்? ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவந்தால் ஆகுபெயர் என்று படித்தோம். இது நன்னூல் உரைகாரர்கள் சொன்னவற்றில் எந்த வகை என்று நீங்கள் டீ நேரத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். புகைப்படத்தைப் பார்த்துப் பேசும்போது நாம் எல்லோரும் அணியில் பேசுகிறோம். கதையில் ஆயா ஓர் இடத்தில் படத்தைத் திருப்பிப் பார்த்து, "காயிதம்" என்று சொல்லிக் கீழே வைக்கிறாள். அந்த வீட்டில் நேர்ப்பொருளில் பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் மற்ற நேரமெல்லாம் அவள் பேசுவது உருவகத்தில். இதை நான் கற்பனையாகச் செய்யவில்லை. மறதி வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கவனித்திருப்பீர்கள், பொருளின் பெயர் வராது, பொருள் மட்டும் தெரியும். உடனே பக்கத்துச் சொற்களை வைத்து ஒப்பேற்றுவார்கள். கதையில் ஆயாவுக்குக் கண்ணாடி என்ற சொல் வரவில்லை, "மூஞ்சி பாக்குற தண்ணி" என்கிறாள். சாவி "பூட்டோட நாக்கு". பேரன் பெயர் போய்விட்டது. அவன் எப்போதும் ஓசூர் பஸ்ஸில் வருகிறவன், அதனால் "ஓசூர் பஸ்ஸு சாப்பிட்டானா?" என்று மருமகளைக் கேட்கிறாள். இங்கே நீங்கள் சிரிக்கிற மாதிரிதான் அந்த வீட்டிலும் சிரித்தார்கள். பேரன் மட்டும் சிரிக்கவில்லை.

எழுதும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இது நமக்குப் புதிதே இல்லை. குறுந்தொகையில் செம்மண் நிலத்தில் விழுந்த மழைத் தண்ணீரைப் பாடியவர் பெயர் என்ன? செம்புலப் பெயல்நீரார். அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. நிஜப் பெயர் போய்விட்டது, தொகுத்தவர்கள் உவமையையே பெயராக்கிவிட்டார்கள். நற்றிணையில் இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்கும் நைந்த கயிற்றைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். குப்பையில் தனியாகச் சண்டை போடும் கோழிகளைச் சொன்னவர் குப்பைக்கோழியார். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரில், அணில் விளையாடும் முற்றத்தைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். பென்னாகரம் பக்கம் பெங்களூருக்கு வேலைக்குப் போன குடும்பங்களின் வீட்டு வாசலைப் பாருங்கள், அந்த அணில் இன்னும் விளையாடுகிறது.

இவர்களெல்லாம் பேர் போன புலவர்கள். இரண்டு அர்த்தத்திலும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளிலும் வயல் ஓரத்திலும் எத்தனை நடுகற்கள்! இங்கே அருங்காட்சியகத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனைக் கையில் வில்லோடும் வாளோடும் கல்லில் செதுக்கி நட்டார்கள். பலவற்றில் வட்டெழுத்தில் அவன் பெயரும் உண்டு. அந்த எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லாமல் போனது. பெயர் மறந்தது. ஆனால் வில் தெரிகிறது, நிற்கும் தோரணை தெரிகிறது. அதனால் அவன் வேடியப்பன் ஆனான். ஊருக்கு ஊர் வேடியப்பன். எங்கள் பக்கம் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறோம். கல்லில் இருப்பவனின் சொந்தப் பெயரைக் கேட்டால் பூசாரிக்கும் தெரியாது.

இந்த ஊர் தகடூராக இருந்த காலத்து அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 232வது பாட்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தக் கொஞ்சம் கள்ளை ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். அந்தப் பாட்டில் உவமையே இல்லை, கவனித்தீர்களா? எதிரே கல் இருக்கிறது, கையில் கலம் இருக்கிறது, அவ்வளவுதான். கல்லைப் பார்த்து 'இது அவனைப் போல இருக்கிறது' என்று ஔவை சொல்லவில்லை. அவன் குடிப்பானா என்று கேட்கிறார். குங்குமம் வைக்கிற ஆயாவுக்கும் அவருக்கும் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை. ஔவை என்ற பெயரையே கேளுங்கள், கன்னடமும் தெலுங்கும் பேசும் நம் வீடுகளில் பாட்டியை அவ்வா என்றுதானே கூப்பிடுகிறோம்.

கதையின் முடிவைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். தாத்தா படத்தை இறக்கினானே, அது மாட்டியிருந்த இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது. அடுப்புப் புகையில் சுவர் முழுக்கக் கறுத்துவிட்டது, படம் மறைத்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. நடுவில் ஓர் ஆணி. முதல் வரைவில் 'அந்தச் சதுரம் ஆயாவின் மனதைப் போலவே காலியாக இருந்தது' என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அந்தச் சுவரில் எதுவும் போகாமல் மிஞ்சிய ஒரே இடம் அது, அதைப் போய்க் காலி என்றிருக்கிறேன். படம் மஞ்சளாகிவிட்டது, படத்துக்குப் பின்னால் இருந்த சுவர் அப்படியே இருக்கிறது.

இப்போது கதையில் அந்த இடத்தில் 'போல' என்ற சொல்லே கிடையாது. பேரன் போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்கிறான். ஆயா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசி வரியைப் படிக்கிறேன்:

'ஆயா அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தாள். காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.'